பேச்சுத்துணைக்கு ஒரு பையன்

பேட்மேன் அவதரித்தது 1939 மே மாத இதழில். அதன் பிறகு 11 மாதம் மனிதர் தனியாகவே திரிந்தார். மொட்டைமாடியில் நின்றுகொண்டு, 'அதோ அந்த ஜன்னலில் வெளிச்சம் தெரிகிறதே, கயவர்கள் அங்கேதான் பதுங்கியிருக்க வேண்டும்' என்று தலைக்கு மேல் யோசனைக் குமிழி விடுவார். அடுத்த கட்டத்திலும் குமிழி. அதற்கடுத்த கட்டத்திலும் குமிழி. வவ்வால் வேடம் போட்டுக்கொண்டு ராத்திரியெல்லாம் தனக்குத்தானே பேசித் திரிகிற ஆசாமி ஏழையாக இருந்திருந்தால் குணசீலத்துக்குக் கூட்டிப் போயிருப்பார்கள். இவர் புரூஸ் வேன் என்கிற கோடீஸ்வரர். ஊர் பொறுத்துக்கொண்டது.

பொறுக்க முடியாமல் போனது கதை எழுதிக்கொண்டிருந்த பில் ஃபிங்கருக்குத்தான். ஹோம்ஸுக்கு வாட்சன் மாதிரி இவருக்கும் பேச்சுத்துணைக்கு ஓர் ஆளைப் போட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. ஆக, ராபின் வேலைக்குச் சேர்ந்தது சண்டை போட இல்லை. தலைவர் வாயைத் திறப்பதற்கு ஒரு சாக்காக. ஓவியர் பாப் கேன், அவருடைய உதவியாளர் ஜெர்ரி ராபின்சன், ஃபிங்கர் மூவரும் உட்கார்ந்து பேசினார்கள். ராபின் ஹூட் ஞாபகத்தில் பெயரைச் சொன்னவர் ராபின்சன். உடுப்பும் அந்தக் காட்டுக் கொள்ளைக்காரன் வழியில் வந்ததுதான்.

1940 ஏப்ரல், 'டிடெக்டிவ் காமிக்ஸ்' 38ஆம் இதழ். சர்க்கஸில் அந்தரத்தில் ஊஞ்சலாடும் குடும்பம் கிரேசன் குடும்பம். சர்க்கஸ் முதலாளி மாமூல் கொடுக்க மறுக்கிறார். ஜூக்கோ என்கிற தாதாவின் ஆட்கள் ஊஞ்சல் கயிற்றில் அமிலம் தடவிவிடுகிறார்கள். அப்பாவும் அம்மாவும் விழுந்து சாகிறார்கள். பையன் டிக் அநாதையாகிறான். இந்த இடத்தில் உங்களுக்கும் எனக்கும் என்ன தோன்றும்? சொந்தக்காரர் யாராவது இருக்கிறார்களா என்று விசாரிப்போம். பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்போம். பேட்மேன் மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, கொஞ்ச நாள் பயிற்சி கொடுத்து, துப்பாக்கிக்காரர்கள் நடுவே இறக்கிவிட்டார்.

சீருடையைச் சொல்லாமல் விட முடியாது. பெரியவர் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை இருட்டோடு இருட்டாக மூடிக்கொண்டிருக்கிறார். பையனுக்குச் சிவப்புச் சட்டை, மஞ்சள் அங்கி, பச்சையில் ஒரு குட்டை ஜட்டி, கால் முழுக்கத் திறந்தபடி. நடுராத்திரியில் கூரை மேல் ஒரு டிராஃபிக் சிக்னல் ஓடினால் எதிரி யாரைச் சுடுவான்? இந்த ஏற்பாட்டில் ஒரு தந்திரம் இருக்கிறது என்று எனக்கு வெகுநாளாகவே சந்தேகம்.

ஆனால் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. ராபின் வந்ததும் விற்பனை ஏறக்குறைய இரட்டிப்பாயிற்று என்பார்கள். உடனே எல்லா நாயகர்களுக்கும் ஆளுக்கொரு பையன். ஹியூமன் டார்ச்சுக்கு டோரோ, கேப்டன் அமெரிக்காவுக்குப் பக்கி, கிரீன் ஆரோவுக்கு ஸ்பீடி. 1941 முடிவதற்குள் அமெரிக்கக் காமிக்ஸில் அநாதைப் பிள்ளைகளுக்குத் தட்டுப்பாடே வந்திருக்கும்.

சினிமா 1943இல் கதவைத் தட்டியது. கொலம்பியா கம்பெனியின் 15 பாகத் தொடர்படம். உலகப்போர் நடந்துகொண்டிருந்ததால் பேட்மேன் இதில் அரசாங்க உளவாளி. வில்லன் டாக்டர் டாக்கா என்கிற ஜப்பானியர். அந்த ஜப்பானியராக நடித்தவர் ஜே. கேரல் நாயிஷ் என்கிற ஐரிஷ் வம்சாவளி அமெரிக்கர். வசனங்களில் வழிந்த இனவெறியை இன்று கேட்டால் கூசும். பட்ஜெட்டில் பேட்மொபைல் இல்லை; சாதாரணக் காடிலாக்கில் போனார்கள். ராபினாக டக்ளஸ் கிராஃப்ட். அவருக்கு 16 வயது இருக்கும். இந்தப் பையனைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். நிஜ மனிதர்கள் நடித்த பேட்மேன் படங்களில், கதைப்படி சிறுவனான ராபினுக்கு உண்மையிலேயே ஒரு சிறுவனைப் போட்டது அந்த ஒரு தடவைதான்.

1949இல் இரண்டாவது தொடர்படம். தயாரிப்பாளர் சாம் காட்ஸ்மன், சிக்கனத்துக்குப் பேர்போனவர். படத்துக்கு 'பேட்மேன் அண்ட் ராபின்' என்று தலைப்பிலேயே பையனுக்கு இடம் கொடுத்தார். பையனாக நடித்த ஜானி டங்கனுக்கு அப்போது 25 வயது. பெண் பார்க்க வேண்டிய பருவத்தில் மனிதர் இறுக்கமான உடுப்பைப் போட்டுக்கொண்டு புரூஸ் வேனின் வளர்ப்புப் பிள்ளையாக நின்றார். திரைப்பட ராபின்களின் மூல வியாதி இங்கேதான் தொடங்கியது.

அந்த வியாதி என்ன என்றால், காகிதத்தில் 10 வயதுப் பையன் துப்பாக்கிக்காரன் தாடையில் குத்தலாம். மை என்ன சொல்லப்போகிறது? கேமரா முன்னால் அதே காட்சியை வைத்தால், 'யார் வீட்டுப் பிள்ளையடா இது? அந்த முகமூடிக்காரனை முதலில் பிடித்து உள்ளே போடுங்கள்' என்று பார்க்கிறவன் எழுந்துவிடுவான். அதனால் பையனுக்கு வயதை ஏற்றுவார்கள். வயதை ஏற்றினால் அவன் பேச்சுத்துணை ஆகமாட்டான். பங்கு கேட்கிற தம்பி ஆகிவிடுவான். ஹாலிவுட் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு இன்னும் முழிக்கிறது.

நடுவில் ஒரு டாக்டர் வந்தார். 1954இல் ஃபிரெட்ரிக் வெர்தாம் என்கிற மனநல மருத்துவர், காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று ஒரு தடித்த புத்தகம் போட்டார். புரூஸும் டிக்கும் ஒரே வீட்டில் வாழ்வது ஓரினக் காதல் கனவு என்பது அவர் துப்பறிந்த சங்கதி. அவர் அடுக்கிய தடயங்களில் ஒன்று, அந்த வீட்டில் பெரிய பெரிய ஜாடிகளில் அழகான பூக்கள் இருந்தன என்பது. அநாதைப் பையனைத் துப்பாக்கிச் சூட்டுக்குள் அனுப்பியது பெரிய குற்றமாகப் படவில்லை; பூ வைத்ததுதான் மாட்டிக்கொண்டது. செனட் துணைக்குழு விசாரணை நடத்தியது. பதிப்பகங்கள் பயந்துபோய்த் தங்களுக்குத் தாங்களே தணிக்கை விதி எழுதிக்கொண்டன. 1956இல் பேட்வுமன் வந்து சேர்ந்தார். 1964இல் சமையல், சலவை எல்லாம் பார்த்த ஆல்ஃபிரெடைக் கொன்றுவிட்டு ஹேரியட் அத்தையைக் குடிவைத்தார்கள். அத்தை இருந்தால் வீடு வீடாகத் தெரியும் அல்லவா? பாவம் ஆல்ஃபிரெட், டிவிக்காரர்களுக்கு அவர் தேவைப்பட்டதால் இரண்டு வருடத்தில் உயிர்த்தெழுந்தார்.

டிவிக்காரர்கள் என்றால் 1966. ஆடம் வெஸ்ட் பேட்மேன், பர்ட் வார்ட் ராபின், மொத்தம் 120 பகுதிகள். அந்தக் கோடையிலேயே ஒரு சினிமாவும் எடுத்தார்கள். அதில் பேட்மேன் ஹெலிகாப்டர் ஏணியில் தொங்குகிறார். காலை ஒரு சுறா கவ்விக்கொண்டிருக்கிறது. அது ரப்பர் சுறா என்பது சுறாவுக்கே தெரியும். மேலே ராபின் இருக்கிறார். ஹெலிகாப்டரில் திமிங்கில விரட்டி, திருக்கை விரட்டி என்று வரிசையாக டப்பாக்கள். ராபின் சரியாகச் சுறா விரட்டியை எடுத்துக்கொண்டு, ஏணியில் தலைகீழாகத் தொங்கி, தலைவர் கையில் கொடுக்கிறார். எடுபிடி வேலைக்குச் சினிமாவில் இதைவிடச் சிறந்த உதாரணம் கிடையாது. சரியான டப்பா, சரியான நேரம், ஒரு கேள்வி இல்லை.

அதே படத்தில் ரிட்லர் ஒரு விடுகதை விடுகிறான். மரத்தில் உட்கார்ந்திருக்கும், ஆறு அவுன்ஸ் எடை, மகா ஆபத்தானது, அது என்ன? போலீஸ் கமிஷனர் விழிக்கிறார். இயந்திரத் துப்பாக்கி வைத்திருக்கும் சிட்டுக்குருவி என்கிறார் ராபின், கண்ணிமைக்காமல். எல்லோரும் ஆமோதிக்கிறார்கள். இந்த மாதிரி ஓர் உலகத்தை எழுதிவிட்டால் வயதும் சட்டமும் அங்கே செல்லாது. 20 வயது வார்ட் பள்ளிக்கூடப் பையனாக வந்ததை யாரும் கேட்கவில்லை. ராபின் கேலிக்கூத்தாக்கப்பட்டது இங்கேதான் என்று தீவிர ரசிகர்கள் இன்றும் பொருமுவார்கள். எனக்கு உடன்பாடில்லை. வேலை, வசனம், மரியாதை மூன்றும் ராபினுக்கு ஒன்றாகக் கிடைத்தது அங்கேதான்.

பர்ட் வார்டுக்குக் கிடைத்ததா என்பது வேறு கதை. வெஸ்ட்டின் முகத்தை முகமூடி மூடிவிடும், சண்டைக்கு மாற்று ஆளைப் போடலாம். ராபினுக்கு இருந்தது கண்ணைச் சுற்றி ஒரு துண்டுத்துணி. அதனால் அபாயக் காட்சிகளில் தானே மாட்டிக்கொண்டு அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போனதாகத் தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

1967இல் இன்னொரு வீட்டு எடுபிடி இவரைப் பார்க்க வந்தார். 'கிரீன் ஹார்னெட்' தொடரின் கார் டிரைவர் கேட்டோ. நடித்தவர் புரூஸ் லீ. இரண்டு தொடரும் கலந்த கதையில் ராபினும் கேட்டோவும் மோதினார்கள். முடிவு: சமன். மறுபடி படியுங்கள். புரூஸ் லீயும் பர்ட் வார்டும் மோதி, சமன். பேட்மேன் வரலாற்றில் அறிவியலுக்கு மிகவும் விரோதமான காட்சி அந்தச் சுறா இல்லை, இதுதான். கேட்டோ கதை ஒரே பருவத்தில் அமெரிக்காவில் முடிந்துபோனது. ஹாங்காங்கிலோ அந்தத் தொடரை ஜனங்கள் கேட்டோ பேர் சொல்லியே அழைத்தார்கள். முதலாளி யார் என்பதை அங்கே ஒருவரும் விசாரிக்கவில்லை.

பிற்பாடு காமிக்ஸில் டிக் வளர்ந்து, நைட்விங் என்று பேர் மாற்றிக்கொண்டு, தனிக்குடித்தனம் போய்விட்டார். காலி இடத்துக்கு வந்தவன் ஜேசன் டாட். வாசகர்களுக்கு இவனைப் பிடிக்கவில்லை. 1988இல் பேட்மேனை வெளியிடும் டிசி கம்பெனி இவனை ஒரு குண்டுவெடிப்பில் மாட்டிவிட்டு, இரண்டு தொலைபேசி எண்களை அச்சடித்தது. பையன் பிழைக்கவேண்டுமா, இந்த எண். சாகவேண்டுமா, அந்த எண். அழைப்புக்கு 50 சென்ட். சாகட்டும் என்ற அழைப்புகள் 5,343; பிழைக்கட்டும் என்றவை 5,271. வெறும் 72 ஓட்டில் ஒரு பிள்ளையைப் பரலோகம் அனுப்பினார்கள். ஒரே ஆள் பல தடவை சுழற்றியிருக்கலாம் என்று பிறகு பேசிக்கொண்டார்கள். மறு எண்ணிக்கை கேட்கப் பையனுக்கு ஏஜெண்ட் கிடையாது.

மறு வருஷம் டிம் பர்டனின் 'பேட்மேன்'. திரைக்கதை வரைவுகளில் ராபின் இருந்தார், கடைசியில் வெட்டப்பட்டார். 1992இல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்'. இந்த முறை மார்லன் வேயன்ஸை ராபினாக ஒப்பந்தம் செய்து, உடுப்புக்கு அளவெடுத்து, சம்பளமும் கொடுத்துவிட்டார்கள். படத்தில் ஏற்கெனவே பென்குயின், கேட்வுமன் என்று கூட்டம் நெரிந்ததால் ராபின் இறக்கிவிடப்பட்டார். நடிக்காத படத்துக்கு இன்னமும் தனக்குச் செக் வருகிறது என்று வேயன்ஸ் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். ராபின்கள் வரலாற்றிலேயே லாபத்தில் முடிந்த ஒரே ராபின். சுறாவும் இல்லை, சட்டி மாதிரி ஜட்டியும் இல்லை, மாதம் பிறந்தால் செக்.

1995இல் ஜோயல் ஷூமாக்கர் ஒருவழியாக ராபினைத் திரைக்குக் கொண்டுவந்தார். கிறிஸ் ஓ'டானல், வயது 24. அநாதைப் பையனாம், கார்டியன் வேண்டுமாம். காதில் வளையம் போட்ட வளர்ந்த இளைஞன் ஒருவனை ஒரு கோடீஸ்வரன் தத்தெடுக்கத் துடிப்பதை ஆல்ஃபிரெட் மட்டும் புன்னகையோடு பார்த்துக்கொண்டிருந்தார். இருந்தாலும் அந்தப் படத்தில் பாதி உயிர் இருந்தது. பெற்றோர் செத்த கோபம் இருந்தது, பழிவாங்கும் வெறி இருந்தது, பேட்மொபைலைத் திருடி ஊர் சுற்றும் குறும்பு இருந்தது. துவைத்த துணியைக் குங்ஃபூ அடித்து உலர்த்துகிற ஒரு காட்சியும் இருந்தது. அதை ஏன் எடுத்தார்கள் என்று கேட்கக் கூடாது.

1997இல் 'பேட்மேன் அண்ட் ராபின்'. தலைப்பில் ராபின் இருக்கிறார் என்று யாரும் சந்தோஷப்பட வேண்டாம். டைட்டிலில் முதல் பெயர் வில்லனாக வந்த ஆர்னால்டு ஸ்வாஸ்நெகருடையது. ராபினுக்குப் படம் முழுக்க ஒரே பாட்டு: என்னை நம்பமாட்டேன் என்கிறீர்கள், எனக்கென்று ஒரு காரும் இல்லை. விஷ முத்தக்காரியிடம் தப்பிக்க உதட்டுக்கு ரப்பர் உதடு ஒட்டிக்கொண்டு போனார். பேட்மேன் இடுப்புப் பட்டையிலிருந்து கிரெடிட் கார்டு எடுத்தார். முந்தைய படத்தில் சினிமா எடுப்பது போலவும், இதில் பொம்மை விளம்பரம் எடுப்பது போலவும் இருந்தது என்று ஓ'டானலே பின்னாளில் சொன்னார். ஷூமாக்கர் மன்னிப்புக் கேட்டார். எட்டு வருஷத்துக்குப் பேட்மேன் சினிமாவே கிடையாது. பழி யார் மேல் விழுந்தது? ரப்பர் உடுப்பு மேல் கொஞ்சம், இயக்குநர் மேல் கொஞ்சம், மிச்சமெல்லாம் பையன் தலையில்.

அதனால்தான் 2005க்குப் பிறகு இயக்குநர் நோலன் காலத்தில் ராபின் என்றால் வீட்டில் சொல்லக் கூடாத பேர் ஆயிற்று. ராபின் வந்தால் எங்காவது சங்கிலியால் என்னைக் கட்டிக்கொண்டு வேலைக்கு வரமாட்டேன் என்கிற பாணியில் அவருடைய பேட்மேன் கிறிஸ்டியன் பேல் பேட்டி கொடுத்தார். கடைசியில் 2012இல், 'தி டார்க் நைட் ரைஸஸ்' படத்தில் அடிக்கிறது, ஓடுகிறது, துப்பறிகிறது எல்லாம் ஜான் பிளேக் என்கிற இளம் போலீஸ்காரர். படம் முடியப்போகிற நேரத்தில் ஒரு கவுண்டரில் இருந்த அம்மாள் அவருடைய முழுப்பெயரைப் படித்து, ராபின் என்கிற பேர் நன்றாக இருக்கிறதே என்கிறார். அவ்வளவுதான். ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம் உழைத்தவனுக்கு அடையாளம் கொடுத்தது ஒரு குமாஸ்தா. அந்த நேரத்தில் முதலாளி ஃபிளாரன்ஸ் நகரத்து ஓட்டலில் கேட்வுமனோடு ஜாலியாக உட்கார்ந்திருக்கிறார். பையனுக்கு விட்டுப்போனது ஒரு கயிறும் ஒரு குகையும்.

மார்வெல்காரர்கள் இதே சிக்கலைக் கொஞ்சம் புத்திசாலித்தனமாகக் கடந்தார்கள். சிறுவர் எடுபிடிகளே பிடிக்காத ஸ்டான் லீ, 1962இலேயே பள்ளிக்கூடப் பையனை நாயகனாக்கி ஸ்பைடர்மேனைக் கொண்டுவந்துவிட்டார். பக்கி காமிக்ஸில் சின்னப் பையன். சினிமாவில் கேப்டன் அமெரிக்காவுக்குச் சம வயதுத் தோழன். 2014 படத்தில் அவனே எதிரியாக வந்து நிற்கிறான், படத்தின் பெயரே அவன் பெயர். காமிக்ஸில் டாக்டர் ஸ்ட்ரேஞ்சின் வேலைக்காரராக இருந்த வாங், சினிமாவில் முதலாளியையே முந்திக்கொண்டு தலைமை மந்திரவாதி ஆனார். எடுபிடிக்குத் தனியாக ஒரு வலியையோ ஒரு பதவியையோ கொடுத்தால் அவன் நிமிர்ந்துவிடுவான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதற்காக ரொம்பப் புகழவும் வேண்டாம். 2016 படத்தில் அயர்ன்மேன் டோனி ஸ்டார்க் குவீன்ஸ் குடியிருப்பிலிருந்து அதே ஸ்பைடர்மேன் பையனை, சித்தியிடம் பொய் சொல்லி, விமானத்தில் ஜெர்மனிக்குக் கூட்டிப் போய் விமான நிலையச் சண்டையில் இறக்கினார். புரூஸ் வேனாவது உள்ளூரோடு நிறுத்திக்கொண்டார்.

அதே 2016இல் இயக்குநர் ஸ்னைடரின் 'பேட்மேன் வெர்ஸஸ் சூப்பர்மேன்'. ராபின் இருக்கிறார், கண்ணாடிப் பெட்டிக்குள் காலி உடுப்பாக. ஜோக்கர் அதன் மேல் கிறுக்கிவைத்த கேலி வேறு. எந்த ராபின், எப்படிச் செத்தான், படம் வாயைத் திறக்கவில்லை. ஆனால் இதே படத்தின் எழுத்து ஓட்டத்தில் ஒரு பெயர் முதல் தடவையாகச் சினிமாவில் ஏறியது: பில் ஃபிங்கர். அதுவரை ஒப்பந்தப்படி எல்லாப் பேட்மேன் படத்திலும் படைப்பாளி பாப் கேன் ஒருவர்தான். ஃபிங்கர் 1974இலேயே காலமாகிவிட்டார். அங்கீகாரத்துக்கு டிசி சம்மதித்தது 2015இல். பேட்மேனுக்கு எடுபிடி வேண்டும் என்று யோசித்தவரே பாப் கேனுக்கு எடுபிடியாகத்தான் காலம் தள்ளியிருக்கிறார். அவர் பெயர் திரைக்கு வந்தபோது அவர் சேர்த்துவிட்ட பையன் பெட்டிக்குள் துணியாகத் தொங்கினான்.

கடைசியில் ராபினைச் சரியாகப் புரிந்துகொண்டது பிளாஸ்டிக் பொம்மைகள். 2017இன் 'லெகோ பேட்மேன்' படத்தில் புரூஸ் வேன் ஒரு விருந்தில் ஒரு பெண்ணையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் ஒரு பொடியன் எதையோ கேட்க, கவனிக்காமல் ஆமாம் ஆமாம் என்கிறார். தத்தெடுத்தாயிற்று! இதைவிட நேர்மையான விளக்கம் முந்தைய எந்தப் படத்திலும் இல்லை. பையனை ஏன் ஆபத்துக்கு அனுப்புகிறீர்கள் என்ற கேள்விக்கும் படம் ஒளிக்காமல் பதில் சொல்கிறது: போனால் போகட்டும் என்றுதான். ராபின் ஏன் முழுக்கால் சட்டை போடுவதில்லை என்ற 77 வருஷக் கேள்வியும் தீர்ந்தது; கால்சட்டை இறுக்கமாக இருந்ததால் பையனே கிழித்து எறிந்துவிட்டான். அதே பேட்மேன்தான் வெற்றி விழா முடிந்து ஆளில்லாத மாளிகைக்குத் திரும்பி, மைக்ரோவேவில் சிங்கி இறாலைச் சூடுபண்ணித் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர். அந்த வீட்டுக்குள் ஒரு பையனின் ஓயாத வாய் நுழைந்தால் என்ன ஆகும் என்பதே கதை. கிராஃப்டுக்குப் பிறகு ராபினுக்குக் கிடைத்த முதல் சரியான வயது இது.

மறு வருஷம் 'டீன் டைட்டன்ஸ் கோ! டு தி மூவிஸ்'. ராபினுக்கு ஒரே ஏக்கம், தன் பேரில் ஒரு படம் வரவேண்டும். தியேட்டரில் முன்னோட்டங்கள் ஓடுகின்றன. ஆல்ஃபிரெடுக்குத் தனிப்படம். பேட்மொபைலுக்குத் தனிப்படம். பேட்மேனின் இடுப்புப் பட்டைக்குத் தனிப்படம். ராபினுக்கு இல்லை. நக்கலுக்கு எடுத்தார்கள், பலித்துவிட்டது: 2019இல் ஆல்ஃபிரெடின் இளமைக்கால சாகசம் நிஜமாகவே டிவி தொடராக வந்தது. ஜோக்கருக்குச் சினிமா, கேட்வுமனுக்குச் சினிமா, பென்குயினுக்குத் தொடர். 1940இல் வேலைக்குச் சேர்ந்தவருக்குத் தனியாக ஒரு நிஜப்படம் இன்றுவரை கிடையாது.

2023இல், டிசி படங்களின் பொறுப்பை ஏற்ற ஜேம்ஸ் கன் ஓர் அறிவிப்புக் கொடுத்தார்: 'தி பிரேவ் அண்ட் தி போல்ட்' என்ற படத்தில் ராபின் உண்டு, அதுவும் புரூஸ் வேனின் சொந்த மகன் டேமியன். நல்லது. கன் ஐயா, உங்களுக்கு ஒரு விண்ணப்பம். பையனுக்குப் பத்து, பன்னிரண்டு வயதுக்கு மேல் வேண்டாம். தாடி மழித்துவிட்டு வருகிற இளைஞர்கள் எவராவது நடிகர் தேர்வுக்கு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள். அவன் வாயாடியாக இருக்கட்டும், அப்பனைக் கேள்வி கேட்கட்டும். முக்கியமாக, படப்பிடிப்பு தொடங்கும் முன்பே சம்பளத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள்.